சிமெண்ட் பூசும் முன் காது வைத்துக் கேளுங்கள்

2025 பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் காலை, செல்போனில் சோலார் ஆப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு ஒரு வியாதி. எழுந்ததும் நேற்று எத்தனை யூனிட் வந்தது என்று பார்க்காவிட்டால் காபி இறங்காது. மூன்று கிலோவாட், ஆறு பேனல், நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு யூனிட் வந்துகொண்டிருந்தது, அது மெல்ல மெல்லப் பத்துக்கு இறங்கி அன்றைக்கு ஒன்பதரை என்று காட்டியது. மேகமும் இல்லை, மழையும் இல்லை. மாடிக்குப் போய்ப் பார்த்தால் பேனல் மேல் எச்சம், யாரோ சுண்ணாம்பு மட்டையை உதறிவிட்டுப் போன மாதிரி. பேனலில் ஒரு செல் மறைந்தாலும் அதோடு தொடராக இணைந்த செல்களும் சேர்ந்து இளைத்துப்போகும் என்று சோலார் போட்டவர் முன்பே சொல்லியிருந்தார், நான் இலை விழுவதைத்தான் நினைத்தேன். குனிந்து அடியில் டார்ச் அடித்தேன். சிவப்புக் கண்கள் திரும்பிப் பார்த்தன. ஒன்று இரண்டு இல்லை, ஒரு தெருவே.

2024இல் ஒன்றிய அரசின் சூர்ய கர் திட்டம் வந்து, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று கேள்விப்பட்டதும் எங்கள் தெருவில் முதலில் போட்டவன் நான்தான். நான் மின்சாரம் எடுப்பதற்குப் போட்டதாக நினைத்துக்கொண்டிருக்க, புறாக்கள் அதை லைன் வீடாகப் பார்த்திருக்கின்றன. நியாயம்தான். மேலே கூரை, மழை படாது, காக்கை நுழையாது, பூனை எட்டாது, வாடகையும் கிடையாது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதிக் கதை புரியாது. மயிலாடுதுறைப் பக்கம், தாத்தா கட்டிய வீடு. பின்கட்டு இன்னும் நாட்டு ஓடுதான், முன்கட்டை மட்டும் 1996இல் அப்பா இடித்துத் தளம் போட்டார். அதனால் பறவைகள் வசதிக்குத் தக்கபடி பிரித்துக்கொண்டுவிட்டன. ஓட்டுப் பக்கம் எறவாணத்தில் சிட்டுக்குருவி, சன்ஷேடுக்குக் கீழே மைனா, மொட்டைமாடியில் புறா. அம்மாவுக்கு இதில் தெளிவான சட்டம் உண்டு. சிட்டுக்குருவி கூடு கட்டினால் வீடு செழிக்கும், புறா அடைந்தால் வீடு பாழாகும், மைனா பற்றி ஒன்றும் சொல்லப்படவில்லை. நான் சட்டத்தை மதிக்கிற ஆள். புறாவிலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் செய்தது எல்லாம் வீண். பழைய சிடிக்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டேன். மகளின் பத்தாவது வகுப்பு கைடோடு வந்த சிடி, கல்யாண வீடியோ சிடி (அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் மெஷினே இல்லை) எல்லாம் காற்றில் பளபள என்று சுற்றின. மூன்று நாள் புறாக்கள் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து யோசித்தன. நான்காவது நாள் திரும்பி வந்துவிட்டன. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அறுந்து விழுந்த சணல் கயிறு கூட்டுக்குள் இருக்கிறது, எடுத்துக்கொண்டு போய் வைத்திருக்கிறது. மினுக்குகிற பொருளுக்கும் பொம்மை ஆந்தைக்கும் எல்லாம் ஆயுள் அவ்வளவுதான், அது நம்மை ஒன்றும் செய்யாது என்று தெரிந்துகொள்ள அதற்கு அதிக நாள் தேவைப்படுவதில்லை. யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

அடியில் மொத்தம் நான்கு கூடு. கூடு என்றா சொன்னேன், புறாவைப் போல ஒரு சோம்பேறிக் கொத்தனாரை நான் பார்த்ததில்லை. தூக்கணாங்குருவி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்ளும். பத்து விளக்குமாற்றுக் குச்சி, பேனல் மாட்டியபோது வெட்டிப்போட்ட கேபிள் டை துண்டுகள், கட்டுக்கம்பி, அவ்வளவுதான், அதன் மேல் முட்டை. ஒன்றில் வெறும் குச்சி. ஒன்றில் வெள்ளையாய் இரண்டு முட்டை. மற்ற இரண்டிலும் குஞ்சுகள். புறாக் குஞ்சைப் பெரும்பாலானோர் பார்த்திருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது முக்கால்வாசிப் புறா ஆகும்வரை கூட்டை விட்டு வெளியே வருவதே இல்லை. கறுத்த தோல், அதன் மேல் மஞ்சள் முடி சிலிர்த்துக்கொண்டு, முகத்துக்குப் பொருந்தாத பெரிய அலகு. அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாய் தகப்பன் இரண்டும் தொண்டைப் பையில் பால் மாதிரி ஒன்று ஊற வைத்து அதற்கு ஊட்டுகின்றன, தகப்பனும் பால் கொடுக்கிற இனம் என்று மகள் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அடைகாப்பதிலும் ஷிப்ட் உண்டு. காலை பத்து மணி வாக்கில் ஆண் வந்து உட்காரும், சாயங்காலம் பெண் வந்து மாற்றிவிட்டு விடியும்வரை அதுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். முட்டை பொரிக்க 17, 18 நாள். குஞ்சு பறக்க அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல். ஆக, ஏழு வாரம். சரி, ஏழு வாரம் பொறுத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் அங்கேதான் சிக்கல், மற்ற பறவைக்கு ஒரு பருவம் உண்டு, முடிந்ததும் போய்விடும், புறாவுக்குப் பருவம் கிடையாது. இந்தக் குஞ்சு பறப்பதற்குள் பக்கத்திலேயே அடுத்த முட்டையைப் போட்டுவிடும். 'எல்லாம் போகட்டும், அப்புறம் அடைப்போம்' என்று காத்திருந்தால் பேரன் பேத்தி எடுத்துவிடும்.

அதனால் அறுபது அடிச் சுற்றளவில் குஞ்சு இருந்த இரண்டு இடத்தையும் முட்டை இருந்த இடத்தையும் விட்டுவிட்டு மீதியை முதலில் அடைத்தோம். வெறும் குச்சிக் கூட்டை அன்றே எடுத்தாயிற்று. அப்புறம் தினம் காலையும் மாலையும் டார்ச்சோடு ரோந்து, புதிதாகக் குச்சி வைத்தால் எடுப்பது, அது மறுபடி வைப்பது, நான் எடுப்பது. மார்ச், ஏப்ரல் முழுக்க இதே வேலை. புறாவின் பிடிவாதம் யாருக்கும் வராது, குச்சியைக் கையால் எடுத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குச்சியோடு வந்து காத்திருக்கும். ஒரே ஒரு நாள் சோம்பேறித்தனப்பட்டு மாடி ஏறவில்லை, மறுநாள் போனால் ஒற்றை முட்டை. எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா இணையத்தில் எதையும் படிப்பதில்லை என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

சுத்தம் செய்வது தனிப் பாடு, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அந்தத் தூசியில் பூஞ்சையும் கிருமியும் இருக்கும், மூச்சோடு போனால் நுரையீரல் காய்ச்சல் வரலாம், சிலருக்கு வருஷக்கணக்கில் சுவாசித்துச் சுவாசித்து ஒவ்வாமையில் நுரையீரலே இறுகிப்போகும். அம்மாவுக்கு வீசிங் வேறு. மாடிக் கதவைச் சாத்தி, என்95 மாஸ்க் மாட்டி, கையுறை போட்டு, செடிக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் சோப்புத் தண்ணீர் ஊற்றி நன்றாக ஊற வைத்து, சேறு மாதிரி ஆனதும் கரண்டியால் சுரண்டினோம். இரண்டு அரிசிச் சாக்கு நிறைய வந்தது. உதவிக்கு வந்த பையன் பிளீச்சிங் பவுடரை அப்படியே கொட்டிவிடலாம் என்றான். எச்சத்தில் அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும்போது அதன் மேல் பிளீச்சிங் போட்டால் வருகிற வாயு நம்மைத்தான் முதலில் சாய்க்கும். வேண்டாம் என்று தடுத்தேன்.

அந்த வருஷம்தான் மும்பையில் தாதர் கபூதர்கானாவை, அதாவது ஊர் ஜனங்கள் புறாவுக்குத் தீனி போடுகிற இடத்தை, மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடி, ஊரே இரண்டுபட்டு, விஷயம் உயர் நீதிமன்றம்வரை போனது. டிவியில் அதைப் பார்த்த அம்மா, "பாவம்டா, அரிசி போட்டா என்ன குறைஞ்சு போச்சு" என்றாள். நம் வீட்டுப் புறா பாழ், மும்பைப் புறா பாவம்.

வலை விஷயம். புறாவுக்கு இரண்டு இன்ச் கண் போதும், மைனாவுக்கு ஒரு இன்ச், சிட்டுக்குருவி வரக்கூடாது என்றால் முக்கால். பேனலுக்கு அடியில் அணில் போய் வயரைக் கடிக்கும் என்பதால் நாங்கள் அரை இன்ச் வெல்டு மெஷ் போட்டோம், பிளாஸ்டிக் பூசிய ஜிஐ கம்பி. பேனல் சட்டத்தில் துளை போடாதீர்கள், வாரண்டி போய்விடும், விளிம்பில் மாட்டுகிற கிளிப் கிடைக்கிறது. அவ்வளவுதான் இதில்.

இப்போது மைனா. இதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

சமையலறையில் முன்பு ஒரு சிம்னி இருந்தது. அது கெட்டுப்போய்க் கழற்றி எறிந்த பிறகு அதன் குழாய் போன நான்கு இன்ச் ஓட்டை மட்டும் சன்ஷேடுக்கு அடியில் அப்படியே இருந்தது, உள்பக்கம் ஒரு டைல்ஸ் துண்டை வைத்து மூடியிருந்தோம். மே மாதம், புறா வேலை முடிந்த தெம்பில் வீட்டில் எங்கே ஓட்டை இருந்தாலும் அடைத்துவிடுவது என்கிற வெறியில் இருந்தேன். வேறு வேலைக்கு வந்த கொத்தனாரிடம், "அண்ணே, மிச்சக் கலவை இருந்தா அதையும் ஒரு பூசு பூசிடுங்க" என்றேன். அவர் ஏணி மேல் நின்று, "உள்ள வைக்கோலு கிடக்கு தம்பி" என்றார். "பழசா இருக்கும், தள்ளிவிட்டுப் பூசுங்க" என்றேன். அவர் ஒரு செங்கல் துண்டைச் செருகிப் பூசினார். காலை பதினொரு மணி.

அன்றைக்கு முழுக்க இரண்டு மைனாக்கள் ஜன்னல் கம்பியிலும் சன்ஷேடிலும் மாறி மாறி உட்கார்ந்து கத்தின. மைனா கத்துவது என்றால் என்ன, அது எப்போதும் சண்டைக்காரப் பறவைதானே, வீடு போன ஆத்திரம் என்றுதான் நினைத்தேன். ஒன்றின் வாயில் வெட்டுக்கிளி இருந்ததைக்கூடப் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிட்டேன். வாயில் இரையை வைத்துக்கொண்டு ஒரு பறவை அதைத் தின்னாமல் ஏன் கத்தப்போகிறது என்று அப்போது தோன்றவில்லை.

ராத்திரி எட்டரை இருக்கும். மனைவி தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, "ஏங்க, சுவத்துக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது" என்றாள். எலி என்றேன். "எலி இல்ல, வந்து கேளுங்க." டைல்ஸ் துண்டில் காதை வைத்தேன். கிர்ர், கிர்ர் என்று மிக மெல்லிய சத்தம், நாங்கள் தட்டியதும் ஒன்றாகச் சேர்ந்து கூடுகிறது, தாய் வந்துவிட்டது என்று நினைத்து வாயைத் திறந்திருக்கின்றன. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வெளியே ஏணியைப் போட்டு, மகள் டார்ச் பிடிக்க, ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலுமாகப் பூச்சை உடைத்தேன். நல்லவேளை, ஒன்பது மணி நேரக் கலவை, முழுக்க இறுகவில்லை, பிஸ்கட் மாதிரி பொரிந்து வந்தது. செங்கல் துண்டை உருவியதும் உள்ளிருந்து வெந்நீர் ஆவி மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது. மஞ்சள் விளிம்பு போட்ட மூன்று வாய்கள் திறந்திருந்தன. நான்காவது அடியில் கிடந்தது. அது முன்பே செத்திருந்ததா, செங்கல்லா, சூடா, எனக்குத் தெரியாது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. டார்ச் மட்டும் ஆடியது.

விடிகாலை ஐந்தரைக்கு நான் எழுந்து மாமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். ஐந்து ஐம்பதுக்குப் பெரியது ஒன்று வந்தது, ஓட்டை வாயில் நின்று இப்படியும் அப்படியும் பார்த்தது, உள்ளே போனது. அப்புறம் நாள் முழுக்க இரண்டும் ஓயவில்லை.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவது, முட்டையையோ கூட்டையோ கலைப்பது எல்லாம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும், துப்பாக்கி வேண்டியதில்லை. மைனா அந்தச் சட்டத்துக்குள் வருகிற பறவை. ஆக, கரண்டிப் பூச்சு ஒன்றாலேயே நான் வேட்டைக்காரன். மகள் இதை எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னாள், குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, தகவலாக.

ஜூன் முதல் வாரத்தில் மூன்றும் பறந்தன. இரண்டு வாரம் பொறுத்து, ஒவ்வொரு நாளும் காது வைத்துக் கேட்டு, மகளையும் கேட்க வைத்து, பிறகுதான் கூட்டை எடுத்தேன். ஒரு வாளி நிறைய. வைக்கோல், கோழி இறகு, பஞ்சு, டவுன் பஸ் டிக்கெட் ஒன்று, மகளின் ரப்பர் பேண்டு, நடுவில் மடித்து வைத்த மாதிரி ஒரு முழப் பாம்புச் சட்டை. மைனாவுக்குப் பாம்புச் சட்டை மேல் ஒரு மோகம், கூட்டில் கொண்டுவந்து வைக்கும். அம்மா அதைப் பார்த்துவிட்டு நாலு நாள் பின்கட்டுக்கே போகவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், குஞ்சு போன பிறகு கூட்டை அப்படியே விட்டால் கோழிக்கு வருகிற செள்ளு மாதிரி கண்ணுக்குத் தெரியாத பூச்சி பசியோடு வீட்டுக்குள் இறங்கும். நாங்கள் பொறுத்த அந்த இரண்டு வாரத்திலேயே சமையலறையில் நின்றால் கை காலெல்லாம் அரித்தது. கூட்டை எடுத்து, ஓட்டையைச் சோப்புத் தண்ணீரால் கழுவி, இந்த முறை சிமெண்ட் இல்லாமல் வலையை வட்டமாக வெட்டித் திருகாணியால் மாட்டினேன். வலை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று எப்போதும் பார்க்கலாம்.

மைனாவுக்குப் பதில் வீடாக வேப்பமரத்தில் ஒரு மண்பானையைக் கட்டினேன். அணில் எடுத்துக்கொண்டது.

சிட்டுக்குருவிப் பக்கம் நான் கை வைக்கவே இல்லை. பின்கட்டு ஓட்டைப் பிரித்துவிட்டு ஷீட் போடலாம் என்று வருஷா வருஷம் பேச்சு வரும், மழை ஒழுகும்போது எனக்கே தோன்றும். ஆனால் நாட்டு ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில், கைமரம் வந்து உட்கார்கிற இடத்தில், ஒரு பிடி இடைவெளி இருக்கிறது பாருங்கள், அதுதான் குருவியின் வீடு. தளம் போட்ட முன்கட்டில் ஒரு குருவிகூடக் கட்டவில்லை, கட்ட இடமே இல்லையே. செல்போன் டவரால்தான் குருவி அழிந்தது என்கிற கதையை நான் நம்புவதில்லை, எங்கள் தெரு முனையில் டவர் நிற்கிறது, அதன் காலடியில் டீக்கடைக் கொட்டகையில் குருவி கட்டியிருக்கிறது. பெரிய குருவி தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேண்டும். பூச்சி இல்லாத தோட்டமும் பொந்து இல்லாத சுவரும் வைத்துக்கொண்டு மார்ச் 20ஆம் தேதி, சிட்டுக்குருவி தினத்துக்கு மட்டும் ஸ்டேட்டஸ் போட்டு என்ன செய்ய. பெட்டி வைப்பதாக இருந்தால் வாசல் ஒன்றேகால் இன்ச்சுக்கு மேல் வேண்டாம், பெரிதாக வைத்தால் மைனா பிடித்துக்கொள்ளும்.

2020இல் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு மெயின் பெட்டிக்குள் ஒரு சின்னப் பறவை முட்டையிட்டுவிட்டது என்று ஊரே ஒரு மாதத்துக்கும் மேல் இருட்டில் இருந்தது நினைவிருக்கும். அன்றைக்கு அதைச் செய்தியில் படித்துவிட்டு 'நல்ல ஜனங்க' என்று நாலு பேருக்கு அனுப்பியவன்தான் நான். என் வீட்டு ஓட்டைக்குள் ஒரு நிமிஷம் டார்ச் அடித்துப் பார்க்க எனக்கு நேரமில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டு வாத்தியார் சார் மதில் ஓரமாகக் கூப்பிட்டார். ரிட்டையர் ஆன பணத்தில் அவரும் சோலார் போட்டிருக்கிறார்.

"தம்பி, உங்க புறா எல்லாம் எங்க வீட்டுக்கு வந்துடுச்சுப்பா."

"என் புறா இல்ல சார்."

"ஒரு வருஷம் உங்க மாடியில இருந்துச்சில்ல, அப்ப உங்க புறாதான்."

பதில் சொல்ல முடியவில்லை. மிச்சம் இருந்த பத்தடி வலையையும் ஒரு பொட்டலம் கிளிப்பையும் எடுத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போனேன். நாளைக்கே ஆளை வைத்து அடைத்துவிடப் போகிறேன் என்றார். மண்டியிட்டு, டார்ச்சை அவர் கையில் கொடுத்து, முதலில் அடியில் பாருங்கள் சார் என்றேன்.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"ரெண்டு இருக்கு," என்றார்.